தரம் 10, 11: வாதக் கட்டுரையையும் உலக இலக்கியத்தையும் ஒன்றாகப் படிப்பிப்பது எப்படி?

முத்தையன்கட்டு_தமிழ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலை ஒன்றின் தரம் 10, 11 தமிழ் வகுப்புகளுக்காகக் கேட்கிறேன். ஒரு வகுப்பில் 38 பிள்ளைகள். வரும் தவணையில் எட்டுக் கிழமை, கிழமைக்கு இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் ஒதுக்கலாம். இந்தப் பதினாறு பாடவேளைக்குள், ஒரு நிலைப்பாட்டை எடுத்து வாசிப்பவரை இணங்க வைக்கிற கட்டுரையை எழுதப் பழக்க வேண்டும். பாடநூலுக்கு வெளியே நாலைந்து உலகக் கதைகளையும் நாடகப் பகுதிகளையும் மொழிபெயர்ப்பில் வாசிக்க வைக்கவும் விருப்பம். இரண்டையும் தனித்தனியாக நடத்த நேரம் போதாது.

சிக்கல் மூன்று.

முதலாவது, கட்டுரைகள் "இன்றைய நவீன உலகிலே" என்று தொடங்கி "வாழ்வோமாக" என்று முடிகின்றன. நடுவில் பழமொழி, திருக்குறள், உணர்ச்சி எல்லாம் உண்டு, காரணம் மட்டும் இல்லை. தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டி நடை அப்படியே எழுத்துக்கு வருகிறது.

இரண்டாவது, எந்தக் கதையைக் கொடுத்தாலும் "இக்கதை மூலம் ஆசிரியர் பேராசை கூடாது என்கிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, புத்தகம் இல்லை. போட்டோக்கொப்பிக்குக் கிடைக்கிற தாளும் குறைவு.

என்ன ஒழுங்கில் போகலாம், எந்தப் படைப்புகளை எடுக்கலாம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


கட்டுக்கரை எழுதியது:

வணக்கம் ரீச்சர் / சேர். முதலில் தலைப்பை மாற்றுங்கள். பாதிக் கட்டுரை தலைப்பிலேயே கெட்டுப்போகிறது. "கைத்தொலைபேசி நன்மையா தீமையா" என்று கொடுத்தால் அதை வாசித்து முடிவெடுக்க ஒருவரும் இல்லை. கேட்கிற ஆள் இல்லாத இடத்தில் பிள்ளை மேடைப் பேச்சுக்குத்தான் போகும்.

ஒரு தலைப்பை ஏற்க முன் மூன்று கேள்வி கேட்க வையுங்கள். இதை யாருக்கு எழுதுகிறோம்? அதைச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டா? அவர் இன்னும் ஏன் செய்யவில்லை? மூன்றாவது கேள்விதான் முக்கியம். எதிர்வாதம் அதற்குள்தான் கிடக்கிறது. "அவருக்கு அக்கறை இல்லை" என்பதைப் பதிலாக ஏற்க வேண்டாம். ஆள் போதாது, எரிபொருள் செலவு, வேறு ஊருக்கும் அதே பஸ்தான் என்று அவர் பக்கத்து நியாயம் ஒன்றையாவது பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும்.

வன்னியில் எடுக்கக்கூடிய இரண்டு தலைப்பு:

பாடசாலை விட்ட பிறகு முதலில் வருகிற இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் சந்தியில் நின்று பிள்ளைகளை ஏற்ற வேண்டும். சாலை (பஸ் டிப்போ) முகாமையாளருக்கு.

குளத்தில் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசிக் காணிகளுக்கு நெல்லுக்குப் பதிலாகப் பயறு போட ஒழுங்கு செய்ய வேண்டும். கமக்காரர் அமைப்புக்கு.

அடுத்தது காரணத்தையும் கருத்தையும் இணைக்கிற கண்ணி. இதற்கு வெளிநாட்டு வாய்ப்பாடு எதையும் தேட வேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்கிற பக்கம், ஏது, திட்டாந்தம் போதும். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். "புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும்" என்ற பொது விதிதான் ஏதுவைப் பக்கத்தோடு கட்டுகிறது. அடுக்களை அந்த விதிக்குக் கண்ணால் கண்ட சாட்சி. பிள்ளைகள் தவறவிடுவது எப்போதும் இந்த விதியைத்தான்.

பயறை எடுங்கள். "கடைசிக் காணிகளுக்குப் பயறு போட வேண்டும், ஏனெனில் பயறு 60 முதல் 70 நாளில் முடிந்துவிடும்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு படி இல்லை. மூன்று மாத நெல்லைவிட வயலில் குறைந்த நாள் நிற்கிற பயிர், வரம்பில் தண்ணீர் கட்டத் தேவையில்லாத பயிர், வாய்க்காலைக் குறைந்த தடவை திறந்தாலே விளையும் என்பது அந்தப் படி. அதை எழுதியவுடன் அடுத்த கேள்வி தானாக வரும்: இது எல்லா வயலுக்கும் பொருந்துமா? பொருந்தாது. பயறின் வேரில் தண்ணீர் தேங்கினால் பயிர் போய்விடும். ஆகவே "வடிகால் உள்ள காணிகளுக்கு மட்டும்" என்று கோரிக்கையைச் சுருக்க வேண்டும். கோரிக்கை சுருங்கச் சுருங்க வாதம் பலமாகிறது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும்.

வகுப்பில் செய்கிற முறை: முதல் இரண்டு பாடவேளையும் பேனை எடுக்க வேண்டாம். இருவர் இருவராக இருத்துங்கள். ஒருவர் கருத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: "ஏன்?", "அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?" மூன்று நிமிடத்தில் இடம் மாற வேண்டும். மூன்றாம் பாடவேளையில் ஐந்து வாக்கியம் மட்டும் எழுத வேண்டும்: கோரிக்கை, காரணம், தொடர்பு, சான்று, எதிர்த்தரப்பு சொல்லக்கூடியது. ஐந்து வாக்கியமும் உறுதியாக நிற்கும் வரை பந்தி எழுத விட வேண்டாம்.

முதல் வரைவைப் பேச்சு வழக்கில் எழுத விடுங்கள். "எண்டபடியா", "ஆனபடியா" என்று எழுதும்போது காரணம் ஒழுங்காக வரும். அதே பிள்ளை எழுத்து வழக்குக்குப் போனவுடன் அலங்காரத்துக்குள் காரணத்தைத் தொலைத்துவிடும். கடைசிப் பிரதியில் மாற்றிக்கொள்ளலாம்.

சான்று பற்றி ஒரு வார்த்தை. "விஞ்ஞானிகள் கூறுகின்றனர்", "ஆய்வுகள் காட்டுகின்றன" இரண்டையும் தடை செய்யுங்கள். பிள்ளை ஒரு கிழமைக்குள் தானே எண்ணியது, பார்த்தது, பெரியவர் ஒருவரிடம் கேட்டது, இந்த மூன்றும் போதும். பஸ் தலைப்பு என்றால் பிற்பகல் 1.30 இலிருந்து 2.30 வரை, ஐந்து பாடசாலை நாள், எத்தனை பஸ் போனது, எத்தனை நின்றது, எத்தனை பிள்ளை ஏறியது என்று ஒரு அட்டவணை. ஒரு நாள் மட்டும் எண்ணினால் "அண்டைக்குச் சந்தை நாள்" என்று ஒரே வரியில் அடித்துவிடுவார்கள்.


வழக்குரை எழுதியது:

கட்டுக்கரை சொன்ன தொடக்கத்துக்குப் பிறகு நேராக வெளிநாட்டுப் படைப்புக்குப் போகாமல் ஒரு பாலம் போடலாம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வந்த பிள்ளைகள், கோவலன் கூத்துப் பார்த்த பிள்ளைகள், கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் "பிறகு என்ன நடக்கும்" என்ற பரபரப்பு இல்லாமல், வாதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

"தேரா மன்னா" என்பதிலிருந்து "யானே கள்வன்" வரை முப்பது வரிக்குள் முடிந்துவிடும். அதை நாலு துண்டாக வெட்டிக் கொடுங்கள்.

முதல் துண்டில் கண்ணகி தன் வழக்கைச் சொல்லவே இல்லை. புறாவின் துயர் தீர்த்த சோழனையும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் சொல்கிறாள். அரசனை அளக்க வேண்டிய கோலை முதலில் நாட்டிவிட்டு, அந்த ஊர்க்காரி நான் என்று பிறகுதான் தன்னை அறிமுகம் செய்கிறாள்.

இரண்டாம் துண்டு பாண்டியனின் மறுமொழி: கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று.

மூன்றாவது துண்டுதான் பாடத்தின் உயிர். அந்தப் பொதுவிதியைக் கண்ணகி மறுக்கவில்லை. கள்வனைக் கொல்வது சரியா பிழையா என்ற வாதத்துக்குள் அவள் இறங்கியிருந்தால் வழக்குத் தோற்றிருக்கும். விதியை விட்டுவிட்டு, "கோவலன் கள்வன்" என்ற செய்தியை மட்டும் பிடிக்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எமது சிலம்பின் பரல் முத்து என்று அரசன் தானாகவே சொல்கிறான். சிலம்பை உடைக்க முன்பே எது சான்று என்பதில் இரண்டு பக்கமும் உடன்பட்டாயிற்று.

நாலாவது துண்டில் சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது, அரசன் தன் பிழையை ஒப்புக்கொள்கிறான்.

நன்னூல் சொல்கிற எழுவகை மதத்தில் உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல் ஆகிய மூன்றையும் இந்த இடத்தில் சொல்லிக் கொடுங்கள். "எதிர்த்தரப்பு சொல்வதில் எதை ஏற்கிறேன், எதை மறுக்கிறேன்" என்று பிரித்து எழுதும் பழக்கம் இதிலிருந்து வரும். இல்லாவிட்டால் பிள்ளைகள் எதிர்த்தரப்பு சொல்கிற எல்லாவற்றையும் மறுப்பார்கள், ஒன்றிலும் வெல்ல மாட்டார்கள்.

இதற்கு அடுத்தது ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர், மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீசரைக் கொன்ற புரூட்டஸ் முதலில் பேசுகிறான், பிறகு அன்ரனி பேசுகிறான். மூலத்தில் புரூட்டஸின் பேச்சு உரைநடை, அன்ரனியின் பேச்சு செய்யுள். மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் இது தெரியாது, ஆகவே நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

இருவர் வாசிக்க, மீதி 36 பேரும் உரோம மக்கள். நாலு இடத்தில் வாசிப்பை நிறுத்திக் கை உயர்த்தச் சொல்லுங்கள்: புரூட்டஸ் பக்கம், அன்ரனி பக்கம், முடிவில்லை. எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதல் நிறுத்தம் புரூட்டஸ் பேசி முடிந்ததும். இரண்டாவது, அன்ரனி மூன்று சான்று சொன்ன பிறகு: கைதிகளின் மீட்புப் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போனது, ஏழைகள் அழுதபோது சீசர் அழுதது, மூன்று முறை முடியை மறுத்தது. மூன்றாவது, சீசரின் உயில் இருக்கிறது ஆனால் வாசிக்க மாட்டேன் என்ற இடம். நாலாவது, கிழிந்த மேலாடையைக் காட்டிய பிறகு.

எண்ணிக்கை எங்கே கூடியதோ அந்த வாக்கியத்துக்குக் கீழே கோடு போடச் சொல்லி, அது காரணமா உணர்வா என்று கேளுங்கள். புரூட்டஸ் "சீசருக்குப் பேராவல்" என்கிறானே, அதற்கு ஒரு சான்றாவது தருகிறானா என்று தேடச் சொல்லுங்கள். இல்லை என்பதைப் பிள்ளைகளே பிடிப்பார்கள். "மரியாதைக்குரியவர்" என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்போது பொருள் எப்படித் தலைகீழாகிறது என்பதையும் குரலில் காட்டலாம்.

மூன்றாம் காட்சியையும் விடாதீர்கள். ஒரு பக்கம்தான். அன்ரனியின் பேச்சில் வெறிகொண்ட கூட்டம், சின்னா என்ற கவிஞனை, அதே பெயருள்ள சதிகாரன் என்று பிடிக்கிறது. நான் கவிஞன் என்று அவன் சொன்ன பிறகும் விடவில்லை. நன்றாகப் பேசுவதும் நியாயமாகப் பேசுவதும் வேறு வேறு என்பதை இந்த ஒரு பக்கம் காட்டுகிறது. இந்த நாட்டில் வளர்கிற பிள்ளைகள் இதைப் பார்க்காமல் அன்ரனியின் திறமையை மட்டும் மெச்சிவிட்டுப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்து வேலை: புரூட்டஸின் பேச்சைச் சான்றோடு திருத்தி 120 சொல்லில் எழுதுதல்.

வழமையாக வருகிற பிழை: அன்ரனியின் குத்தல் நடையைச் சாலை முகாமையாளருக்கான கடிதத்துக்கும் கொண்டுபோவது. அன்ரனிக்கு முன்னால் நிற்பது கூட்டம், குத்தப்படுகிறவன் அங்கே இல்லை. கடிதத்தை வாசிப்பவரோ குத்தப்படுகிற அதே ஆள்தான். அவர் இரண்டாவது வரியிலேயே கடிதத்தை மூடிவிடுவார்.


சிராட்டிகுளம் எழுதியது:

ரீச்சர், உங்கட இரண்டாவது சிக்கலுக்கு மட்டும் எழுதுறன். "இக்கதை மூலம் ஆசிரியர்" எண்ட தொடரைத் தவணை முழுக்கத் தடை செய்யுங்கோ. அதுக்குப் பதிலா ஒரு கேள்வி: இந்தக் கதை ஆரோட வாதாடுது?

டோல்ஸ்டோய் 1886இல வெளியிட்ட "ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை" கதை இதுக்கு நல்லாப் பொருந்தும். ஆனா இணையத்தில கிடக்கிற சுருக்கங்களை எடுக்காதேங்கோ. கனபேர் தொடக்கத்தை வெட்டிப்போட்டு, கடைசியில பாகோம் எண்ட விவசாயி காணிக்காக நடக்கிற நடையில இருந்துதான் தொடங்குவினம். உண்மையில கதை தொடங்கிறதே ஒரு வாதத்தோட. பட்டணத்து அக்காவும் கிராமத்துத் தங்கச்சியும் எந்த வாழ்க்கை நல்லது எண்டு சண்டை. அடுப்பு மேடையில படுத்திருந்த பாகோம், காணி மட்டும் போதுமான அளவு இருந்தா சாத்தானுக்கும் பயப்பிட மாட்டன் எண்டுறான். சாத்தானும் அதைக் கேட்டுக்கொண்டிருக்குது. அந்த முதல் பக்கத்தை முழுசாக் குடுத்து, இரண்டு பேரின்ர காரணங்களையும் இரண்டு நிரலில எழுதச் சொல்லுங்கோ. ஆர் மற்றவவின்ர கருத்துக்குப் பதில் சொன்னது, ஆர் சும்மா தாக்கினது எண்டு பிரிக்கலாம்.

நடுப்பகுதியை நீங்களே ஐஞ்சு நிமிசத்தில சொல்லலாம். கடைசி நாள் நடையை முழுக்க வாசிக்க வேணும். எல்லாம் சேர்த்து இரண்டு பாடவேளை.

நடுப்பகுதி சொல்லேக்க விடக் கூடாத விசயம்: பக்கத்துப் பண்ணையின்ர மேற்பார்வையாளன், மாடு குதிரை காணிக்குள்ள வந்தா தண்டம் அடிக்கிறான். பாகோமுக்குச் சொந்தக் காணி வேணும் எண்ட எண்ணம் அதால வலுக்குது. கட்டாக்காலி மாட்டுப் பிரச்சினை தெரிஞ்ச எங்கட பிள்ளையளுக்கு இது உடன விளங்கும். பிறகு ஏறக்குறைய 40 ஏக்கர் வாங்கினவுடன அவனே அயலவரை வழக்குக்கு இழுக்கிறான். அதுக்குப் பிறகு வொல்கா ஆத்துக்கு அங்கால, பிறகு பஷ்கீர் எண்ட மக்களிட்ட. அங்க ஒரு நாளில நடந்து சுத்திற காணி முழுக்க 1000 ரூபிள், ஆனா சூரியன் படமுன்னம் தொடங்கின இடத்துக்குத் திரும்பி வர வேணும். ஓடி வந்து விழுந்து சாகிறான், கடைசியில அவனுக்குத் தேவைப்பட்டது ஆறடிக் குழிதான்.

வகுப்புக்குக் கேள்வி: பாகோம் எந்த இடத்தில நிண்டிருக்கலாம்? ஒவ்வொரு குழுவும் ஒரு இடத்தைத் தெரிஞ்சு, கதையில இருந்து இரண்டு சான்று காட்ட வேணும். நாலு குழுவுக்கு நாலு விடை வரும். எல்லா விடைக்கும் சான்று இருக்கும். அங்கதான் ஒற்றை வரி நீதி உடையும்.

ஒண்டைக் கவனியுங்கோ. சொந்தக் காணி இல்லாத வீட்டுப் பிள்ளை, காணிக்காக வருசக்கணக்காக் காத்திருந்த வீட்டுப் பிள்ளை உங்கட வகுப்பில கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு "நிலத்தில ஆசை வைக்கக் கூடாது" எண்டு கதையை முடிச்சுக் குடுக்கிறது அநியாயம். டோல்ஸ்டோய் பிழை எண்டு வாதாட இடம் விடுங்கோ. அதுக்கு ஒரு பெரிய துணையும் இருக்கு. செக்கோவ் 1898இல எழுதின "நெல்லிக்கனிகள்" கதை. அது வேற நெல்லி, ரஷ்யாவில செடியில காய்க்கிற புளிப்புப் பழம். அதில வாற இவான் இவானிச், ஆறடி நிலம் தேவைப்படுறது பிணத்துக்கு, மனுசனுக்குத் தேவை முழுப் பூமியும் எண்டு சொல்லுறார். ஆனா அவரே தன்ர தம்பி ஒரு பண்ணைக்காக வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டதைக் கண்டு வெறுத்துப்போனவர். ஆக அவர் டோல்ஸ்டோயை மறுக்கிறாரா, வேற வழியால அதே இடத்துக்குப் போறாரா? தரம் 11க்கு இந்தக் கேள்வி கனமா இருக்கும், ஆனா பிடிச்சுக்கொள்ளுவினம்.

செக்கோவின்ர கதையை முழுக்கக் குடுக்க வேண்டாம். இவான் இவானிச் கதை சொல்லத் தொடங்கிறதில இருந்து முடிக்கிற மட்டும் போதும். ரஷ்யப் பெயர்களுக்குத் தாளின்ர மேல் மூலையில ஒரு சின்னப் பட்டியல் போடுங்கோ. ஒரே ஆளுக்கு இரண்டு மூண்டு பெயர் வாறதாலதான் பிள்ளையள் இரண்டாம் பக்கத்தில விட்டிடுறவை. அளவுகளையும் மாத்திக் குடுங்கோ: ஒரு வெர்ஸ்ட் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், ஒரு தெசியாத்தின் ஏறக்குறைய 2.7 ஏக்கர். டோல்ஸ்டோய் கதையின்ர கடைசி வரியில வாற "ஆறடி" மூலத்தில மூண்டு அர்ஷின், அதாவது இரண்டு மீற்றரும் கொஞ்சமும். எங்கட வழக்கில ஆறடி எண்டு ஏற்கெனவே இருக்கிறதால மொழிபெயர்ப்பாளர் அப்பிடிப் போட்டது சரிதான். ஏன் சரி எண்டு ஐஞ்சு நிமிசம் கதைச்சா மொழிபெயர்ப்பு எண்டா என்னெண்டும் விளங்கும்.


பாலையடி எழுதியது:

எல்லாம் பயனுள்ள பதில்கள். ஒரு மாற்றுக் கருத்து. உலக இலக்கியம் என்றவுடன் ரஷ்யாவும் ஐரோப்பாவும் மட்டும் வருவது சரியாகப் படவில்லை. ஐந்து படைப்பு எடுத்தால் குறைந்தது இரண்டு ஆசியாவிலிருந்து இருக்கட்டும். சீன எழுத்தாளர் லூ சுன் 1921இல் எழுதிய "என் பழைய வீடு" சிறியது. வெகு காலம் கழித்து ஊருக்குத் திரும்புகிறவன், சின்ன வயதில் கூட விளையாடிய தோழனைக் காண்கிறான். அந்தத் தோழன் அவனை "ஐயா" என்று விளிக்கிறான். ஊர் திரும்புதல் என்றால் என்ன என்று வன்னிப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. தாகூரின் "காபூலிவாலா" இன்னொன்று. அதோடு மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்கள நாவலான "கம்பெரலிய"விலிருந்து (1944) ஒரு பகுதி. பக்கத்து மொழியில் இருக்கிற ஊர் வாழ்க்கையைத் தெரியாமல் உலகத்தைச் சுற்றிவருவதில் ஒரு குறை இருக்கிறது.

சொபொக்கிளீசின் கிரேக்க நாடகமான "அந்திகனி" பற்றியும் சொல்ல வேண்டும், யாராவது பரிந்துரைப்பார்கள். அரசனான தகப்பன் கிரெயோனிடம் மகன் ஹைமோன் பேசுகிற பகுதி, தன்னைவிட அதிகாரம் உள்ளவரை எப்படி இணங்க வைப்பது என்பதற்கு மிகச் சிறந்த பாடம். முதலில் மரியாதை, பிறகு ஊர் என்ன கதைக்கிறது என்ற செய்தி, பிறகு வெள்ளத்தில் வளைகிற மரம் தப்பும், பாயை இறுக்கிக் கட்டிய படகு கவிழும் என்ற உவமைகள். இதை எடுக்கலாம்.

ஆனால் நாடகத்தின் மையம் அடக்கம் செய்யப்படாத சகோதரனின் உடல்; அரசன் தடுத்தும் அந்திகனி அதை அடக்கம் செய்ய முயல்கிறாள். 2009இல் உறவுகளை இழந்த வீடுகள், காணாமற்போனவரை இன்றும் தேடுகிற வீடுகள் இருக்கிற ஊர்களில் "அந்திகனி செய்தது சரியா" என்று இரு அணி பிரித்து விவாதம் வைக்க வேண்டாம். ஒரு பிள்ளையும் தன் வீட்டு இழப்பைப் புள்ளிக்காக எழுதும் நிலைக்கு வரக் கூடாது. ஹைமோனின் பேச்சை மட்டும் கொடுங்கள். கதைச் சூழலை முதல் நாளே சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள், அன்று வகுப்பில் வைத்துத் திடீரென்று கேட்பதாக இருக்கக் கூடாது. விரும்பாத பிள்ளைக்கு அதே வேலையை வழக்குரை காதையில் செய்ய வழி இருக்கட்டும்.

இதே கவனம் கடிதத் தலைப்புகளுக்கும் வேண்டும். மணல் அகழ்வு, கசிப்பு (கள்ளச்சாராயம்), காட்டு மரம் வெட்டுதல் எல்லாம் பிள்ளைகள் தாமாகவே தெரிவு செய்வார்கள். விடயத்தைப் பற்றி எழுதலாம், ஆட்பெயர், வாகன இலக்கம், வீட்டு அடையாளம் எழுதக் கூடாது. சிறிய ஊரில் கொப்பி கை மாறினால் பிரச்சினை பிள்ளைக்குத்தான். எந்தக் கடிதத்தையும் அதிபரின் சம்மதம் இல்லாமல் வெளியே அனுப்ப வேண்டாம்.


முத்தையன்கட்டு_தமிழ் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வழக்குரை காதையிலிருந்து சீசருக்குப் போகிற ஒழுங்கு உறுதியாகிவிட்டது. "அந்திகனி"யில் ஹைமோன் பகுதியை மட்டும், தரம் 11க்கு மட்டும் எடுப்பதாக இருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. இரண்டு வகுப்பு, 76 கொப்பி. எப்படித் திருத்துவது? பதினாறு பாடவேளையையும் எப்படிப் பிரிப்பது?


கட்டுக்கரை எழுதியது:

திருத்துவதற்கு: ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் பாருங்கள். ஐந்து வாக்கியப் பயிற்சியில் "தொடர்பு" வாக்கியம் மட்டும், எழுத்துப்பிழை தொட வேண்டாம். ஒரு கொப்பிக்கு ஒரு நிமிடம் போதும். முதல் வரைவில் எதிர்வாதப் பந்தி மட்டும். கடைசிப் பிரதிக்குத்தான் முழுத் திருத்தம், கொப்பிக்கு நாலு நிமிடம் என்றால் 76 கொப்பிக்கு ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வகுப்புக்கும் ஒரே கிழமையில் கடைசிப் பிரதி வராதபடி ஒரு வகுப்பை ஒரு கிழமை பிந்தித் தொடங்குங்கள்.

புள்ளி 20: கோரிக்கை யாருக்கு, என்ன என்பது தெளிவா, 3. காரணமும் அதைக் கோரிக்கையோடு கட்டுகிற தொடர்பும், 6. சான்று, 4. எதிர்த்தரப்பை நியாயமாகச் சொல்லிப் பதில் சொன்னது, 4. மொழி, 3. மொழிக்கு மூன்றுதானா என்று கேட்பார்கள். மொழிக்குப் பத்துக் கொடுத்தால் அலங்காரம் திரும்பி வந்துவிடும். இந்தத் தவணைக்கு மட்டும் இப்படி வைத்திருங்கள்.

எதிர்வாதத்துக்கு முழுப் புள்ளி கொடுக்க முன் ஒரு சோதனை: அந்தப் பந்தியை மட்டும் எடுத்துச் சாலை முகாமையாளரிடம் கொடுத்தால் "ஓம், எனது நிலை இதுதான்" என்று அவர் ஒப்புக்கொள்வாரா? மாட்டார் என்றால் பிள்ளை வைக்கோல் பொம்மையை, அதாவது அவர் சொல்லாத ஒரு வாதத்தை, அடித்திருக்கிறது.

மொழியில் இரண்டு திருத்தம் போதும். முதலாவது "வேண்டும்". ஒரு பக்கத்தில் அது வருகிற இடத்தையெல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள், பதினைந்துக்கு மேல் இருக்கும். கோரிக்கையில் ஒன்றை விட்டு மற்றவற்றை நடந்ததைச் சொல்கிற வாக்கியமாக மாற்ற வேண்டும். "பஸ் நிற்க வேண்டும், பிள்ளைகளை மதிக்க வேண்டும்" என்பதில் செய்தி ஒன்றும் இல்லை. "ஐந்து நாளில் போன பஸ் இத்தனை, நின்றது இத்தனை" என்று தான் எண்ணியதைப் போட்டால் வாசிப்பவர் மறுக்க இடமில்லை. இரண்டாவது "எல்லோரும்", "எப்போதும்", "ஒருபோதும்". ஒரு விதிவிலக்கைக் காட்டினாலே வாக்கியம் விழுந்துவிடும்.

பாடவேளைப் பிரிப்பு: 1, 2 வாய்மொழிப் பயிற்சி. 3 ஐந்து வாக்கியம். 4, 5 வழக்குரை காதை. 6 முதல் வரைவு, பேச்சு வழக்கில். 7, 8 சீசர். 9 எதிர்வாதப் பந்தி. தரம் 11 இதற்கு ஹைமோன் பேச்சை எடுக்கலாம். 10, 11 டோல்ஸ்டோய். 12 செக்கோவ் அல்லது லூ சுன். 13 இரண்டாம் வரைவு. 14 கொப்பி மாற்றி வாசித்தல். 15 கடைசிப் பிரதி. 16 சத்தமாக வாசித்தல்.

14ஆம் பாடவேளையில் "நல்லா இருக்கு" என்று எழுதி முடிப்பதுதான் வழமை. அதைத் தடுக்க, வாசிப்பவர் சாலை முகாமையாளராக இருந்து மூன்று வரியில் மறுமொழிக் கடிதம் எழுத வேண்டும்: எதை ஏற்கிறேன், எதை ஏற்கவில்லை, என்ன சான்று இன்னும் தேவை. எழுதியவர் அந்த மறுமொழிக்குப் பதில் சொல்லித்தான் கடைசிப் பிரதிக்குப் போகலாம்.

தாள் விடயம்: 38 பேருக்கு 19 பிரதி, இருவருக்கு ஒன்று. இரு பக்கமும் அடித்தால் ஒரு படைப்புக்கு இரண்டு தாள், ஐந்து படைப்புக்கு 190 தாள். பாடவேளை முடிய எண்ணி வாங்கிக் கோப்பில் போட்டால் இரண்டாவது வகுப்புக்கும் அதே 190 போதும். கோடு போடுவதென்றால் பென்சிலால். அந்த அளவு தாளும் இல்லையென்றால் வழக்குரை காதையைக் கரும்பலகையில் எழுதலாம், மற்றவற்றில் தொடக்கத்தையும் திருப்பத்தையும் மட்டும் அடியுங்கள்.


முத்தையன்கட்டு_தமிழ் எழுதியது:

மறுமொழிக் கடிதம் மிக நல்ல யோசனை. ஒரு சந்தேகம் மட்டும்: பஸ் எண்ணுகிற வேலையை எந்தக் கிழமையில் கொடுக்கலாம்?


கட்டுக்கரை எழுதியது:

இரண்டாம் கிழமை, முதல் வரைவுக்கு முன்னால். இருவர் இருவராக, அதே சந்தியில் பஸ்ஸுக்கு எப்படியும் நிற்கிற பிள்ளைகளை மட்டும் போடுங்கள், எண்ணுவதற்காக ஒருவரும் பிந்தி வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாம் தவணை என்றால் ஐப்பசி மழை தொடங்க முன் முடித்துவிடுங்கள். மழை நாளில் சைக்கிளில் வருகிற பிள்ளைகளும் பஸ்ஸுக்கு வருவதால் எண்ணிக்கை கூடும், அந்த நாட்களை அட்டவணையில் தனி நிரலில் காட்ட வேண்டும்.